உழவு ஓட்டும் முன் ஒரு குழி தோண்டிப் பாருங்கள்

காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம், க.பரமத்தி பக்கங்களில் கொறங்காடு (வேலி போட்ட மானாவாரி மேய்ச்சல் காடு) வைத்திருக்கும் எல்லாருக்கும்,

வணக்கமுங்க.

எட்டு வருசத்துக்கு முன்னால் என் ஒன்பது ஏக்கர் கொறங்காட்டில் மேற்குப் பக்கம் மூன்று ஏக்கரை டிராக்டர் விட்டு உழுதேன். செடி செத்தை எல்லாவற்றையும் பொறுக்கி எரித்துவிட்டு, கொழுக்கட்டைப் புல் விதையை மட்டும் வாங்கி விதைத்தேன். அந்த வருசம் ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. மார்கழியில் புல் இடுப்பு உயரம் நின்றது. ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி இறங்கி வந்து பார்த்தீர்கள். விதை எங்கே வாங்கினீங்க, ஏக்கருக்கு எத்தனை கிலோ என்று கேட்டீர்கள். நானும் பெருமையாகச் சொன்னேன்.

அதைப் பார்த்து அடுத்தடுத்த வருசங்களில் உழுதவர்கள் உண்டு. வருகிற புரட்டாசியில் உழப்போவதாகச் சொன்னவர்கள் இன்னும் அதிகம். அதனால்தான் இந்த மடல். நீங்கள் பார்த்தது என் காட்டின் முதல் வருசத்தை. அப்புறம் நடந்ததைச் சொல்லவேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

இரண்டாம் வருசமும் குறையில்லை. மூன்றாம் வருசம் கதிர் சிறுத்தது. நான்காம் வருசம் மழை பெய்தும் புல் வெளுத்துப்போய் வந்தது. தூருக்கும் தூருக்கும் நடுவே இடைவெளி விழுந்து வெறும் செம்மண் தெரிந்தது. மழைத்தண்ணீர் அந்தச் சந்துகளில் வாய்க்கால் போட்டுக்கொண்டு பள்ளத்துக்கு ஓடியது. கிழக்கே உழாமல் விட்ட ஆறு ஏக்கரிலும் அதே மழைதான், அதே மண்தான், மேய்ந்ததும் அதே மாடுகள்தான். அங்கே புல் அவ்வளவு உயரமில்லை. ஆனால் தரை தெரியவில்லை. மாசி, பங்குனியில் படலைத் திறந்துவிட்டால் மாடுகள் யாரும் ஓட்டாமலே கிழக்கே திரும்பின.

யூரியா போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். போட்டேன். ஒரு மழைக்குப் பச்சை கட்டியது. அடுத்த மழைக்குப் பழையபடி ஆகிவிட்டது.

ஐந்தாம் வருசம் கார்த்திகையில், மழை விட்ட மூன்றாம் நாள், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் இரண்டு பக்கமும் ஒரு முழ ஆழத்துக்குக் குழி எடுத்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "என்ன அம்மிணி, பொதையல் தேடறயா?" என்று கேட்டார்.

மேற்குக் குழியில் முதல் நாலு விரற்கடைக்குப் புல்வேர் பின்னிக் கிடந்தது. அதற்குக் கீழே மண் கட்டி கட்டியாக வந்தது. கட்டியைக் கையில் வைத்து அழுத்தினால் ஓடு மாதிரி உடைந்தது. மூன்று நாளைக்கு முன் பெய்த மழை அரை முழத்துக்குக் கீழே போகவே இல்லை. பார்வைக்கு ஒரு கரையான், இரண்டு எறும்பு. அவ்வளவுதான்.

கிழக்குக் குழியில் மண்வெட்டி தானாக இறங்கியது. மண், புட்டுக்குப் பிசறிய மாவு மாதிரி உருண்டை உருண்டையாக உதிர்ந்தது. அடி வரைக்கும் ஈரம். கொழுக்கட்டைப் புல்லின் சல்லிவேர் ஒரு பக்கம், அருகம்புல்லின் கொடி மேலாக, கொழிஞ்சியின் ஆணிவேர் நேராகக் கீழே. செப்புநெருஞ்சி வேரில் குண்டூசித் தலை அளவுக்கு முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கீறிப் பார்த்தேன், உள்ளே இளஞ்சிவப்பு. அந்த முடிச்சுக்குள் இருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். மட்கின இலைக்கு அடியில் வெள்ளை நூலாகப் பூஞ்சை ஓடியது. சாணி வண்டு உருட்டிப் புதைத்த உருண்டை ஒன்று, விரல் நீளத்தில் ஒரு பூரான், கரையான் போன பாதைகள். ஒரு கை மண்ணை அள்ளி வெள்ளைத் தட்டில் பரப்பிவைத்துக் குனிந்து பார்த்தேன். எள்ளில் கால்வாசிகூட இல்லாத பூச்சிகள் தட்டில் துள்ளின.

பட்டுப்பூச்சியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதல் மழைக்கு மறுநாள் செம்மண்ணில் சிவப்பு வெல்வெட்டாக ஊருமே, சின்ன வயதில் தீப்பெட்டியில் அடைத்து வைத்து விளையாடினோமே, அதுதான். சங்கப் பாடல்களில் முல்லை நிலத்துச் செம்மண் வழியில் ஊர்கிற மூதாய் இதுதான். அதன் குஞ்சுகள் வெட்டுக்கிளி போன்ற பூச்சிகளின் உடம்பில் ஒட்டிக்கொண்டு வளரும். வளர்ந்ததும் மண்ணுக்குள் கரையானையும் பூச்சி முட்டைகளையும் தின்னும். ஆக, அது மேலே வருகிறதென்றால் கீழே அதற்குச் சாப்பாடு இருக்கிறது. கிழக்கே ஒவ்வொரு வருசமும் வருகிறது. மேற்கே உழுத பிறகு நான் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை.

என் காட்டுக்கு என்ன ஆயிற்று என்று தேடிப் படித்தபோது ஆஸ்திரேலியாவில் போய் நின்றேன். நம் கொழுக்கட்டைப் புல்லுக்கு அங்கே பஃபல் புல் என்று பெயர். குயின்ஸ்லாந்தில் காட்டைத் திருத்தி, பெரிய பெரிய பரப்புகளில் இந்தப் புல்லை விதைத்தார்கள். முதல் சில வருசம் அபாரமாக வரும். அப்புறம் படிப்படியாக இளைத்து, கறிமாடு வளர்ப்பவர்களுக்குப் பெரிய நஷ்டமாகிவிடும். இது அங்கே அவ்வளவு சாதாரணமாக நடப்பதால் 'ரன்டவுன்' என்று அதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

இதில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது காரணம்தான். சத்து மண்ணை விட்டுப் போய்விடவில்லை. மண்ணுக்குள்ளேயேதான் இருக்கிறது, புல்லுக்குக் கிடைக்காமல் பூட்டிக் கிடக்கிறது. உழுதவுடன் மண்ணில் காலங்காலமாகச் சேர்ந்திருந்த மட்கு காற்றுப்பட்டு வேகமாகச் சிதைகிறது. அதிலிருந்த தழைச்சத்து மொத்தமாக வெளியே வருகிறது. முதல் வருசம் இடுப்பு உயரம் வளர்ந்தது அந்தச் சேமிப்பைத் தின்றுதான். விதையின் பெருமை என்று நான் உங்களிடம் சொன்னது தப்பு. அப்புறம் புல் காய்ந்து விழுகிறது, பழைய வேர் சாகிறது. காய்ந்த புல்தட்டில் (தண்டில்) கரிச்சத்து (கார்பன்) நிறைய, தழைச்சத்து கொஞ்சம். அதைத் தின்கிற நுண்ணுயிர்களுக்குத் தங்கள் உடம்பைக் கட்டிக்கொள்ளத் தழைச்சத்து வேண்டும். புல்தட்டில் போதிய அளவு இல்லாததால் மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. புல்லுக்கு மிஞ்சுவதில்லை. வருசா வருசம் அதே தட்டு, அதே வேர், அதே பசி.

அங்கே இதற்குச் சொல்லும் வைத்தியங்களில் முக்கியமானது, புல்லோடு பயறு வகைச் செடிகளைக் கலந்து விடுவது. அந்த வரியைப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. செப்புநெருஞ்சி, நரிப்பயறு, கொழிஞ்சி எல்லாம் பயறு வகைதான். அந்த மூன்றையும்தான் களை என்று உழுது பொறுக்கி நெருப்பு வைத்தேன்.

சரி, உழவுதான் கெடுத்தது, ஒற்றைப் புல் என்ன செய்தது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. என் காட்டில் இரண்டும் ஒரே நாளில் நடந்ததால் இதில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. பிரித்துப் பார்த்தவர்கள் ஜெர்மனியில் இருக்கிறார்கள். யேனா என்ற ஊருக்குப் பக்கத்தில், சாலே ஆற்றங்கரையில், 2002ஆம் ஆண்டு பழைய உழவு நிலம் ஒன்றைப் பாத்தி பாத்தியாகப் பிரித்தார்கள். 20 மீட்டருக்கு 20 மீட்டர் அளவில் 82 பெரிய பாத்திகள். எல்லாவற்றுக்கும் ஒரே பண்டுதம், உரம் கிடையாது. விதையில்தான் வித்தியாசம். ஒரு பாத்தியில் ஒரே வகைச் செடி, இன்னொன்றில் 2, அப்புறம் 4, 8, 16, கடைசியில் 60 வகை வரைக்கும். வேறு செடி முளைத்தால் கையால் பிடுங்கினார்கள். இருபது வருசத்துக்கு மேலாகப் பார்த்துவருகிறார்கள்.

வகை கூடிய பாத்திகளில் மண்ணுக்குள் நுண்ணுயிர் கூடியது. மண்ணில் கரிச்சத்து சேர்வதும் கூடியது. மழைத்தண்ணீர் உள்ளே இறங்குவதும் சீரானது. பயறு வகைச் செடி இருந்த இடங்களில் மண்புழுக்கள் நன்றாக இருந்தன. மேலே எத்தனை கட்டு புல் அறுத்தோம் என்பதைவிட, எத்தனை வகைச் செடி நின்றது என்பதுதான் நாளாக நாளாக மண்ணுயிர்களைத் தீர்மானித்தது. ஆனால் முதல் சில வருசம் நுண்ணுயிர்களில் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. ஏறக்குறைய நான்கு வருசம் கழித்துத்தான் தெரிந்தது. மேலே தெரிகிற மாற்றம் ஒரு மழையில் தெரிந்துவிடும், கீழே நடப்பதற்கு அவ்வளவு காலம் ஆகிறது. நாம் முதல் வருசத்துப் புல்லைப் பார்த்து முடிவு எடுக்கிறோம். நான் அப்படித்தான் எடுத்தேன்.

ஜெர்மனி மழையும் குளிரும் உள்ள தேசம். நமக்கு வருசத்துக்கு 600 மில்லிமீட்டர் சுற்றித்தான் மழை, அதிலும் பாதிக்குமேல் ஐப்பசி கார்த்திகையில். அங்கே மண்புழு பார்க்கிற வேலையில் பெரும்பங்கு இங்கே கரையானும் சாணி வண்டும் எறும்பும் பார்க்கின்றன. அதனால் அங்கே கண்ட கணக்கை அப்படியே இங்கே போடச் சொல்லமாட்டேன். ஆனால் வேர் செய்கிற வேலை எங்கேயும் ஒன்றுதான். இலை வெயிலில் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கை வேர் மண்ணுக்குள் கசியவிடுகிறது. அந்தக் கசிவைத் தின்றுதான் வேரைச் சுற்றி நுண்ணுயிர் பெருகுகிறது. ஒவ்வொரு செடியின் கசிவும் ஒவ்வொரு மாதிரி. அருகு கசியவிடுவது வேறு, கொழிஞ்சி கசியவிடுவது வேறு. சல்லிவேர் மேல் மண்ணுக்கு ஊட்டுகிறது, ஆணிவேர் ஆழத்துக்கு. கொழுக்கட்டைப் புல் காய்ந்து நிற்கும்போதும் செப்புநெருஞ்சி தரையோடு தரையாகப் பச்சை காட்டும். அப்போதும் கீழே யாருக்கோ கொஞ்சம் உணவு போகிறது. ஒரே புல் என்றால் ஒரே நாளில் எல்லா அடுப்பும் அணைந்துவிடும்.

பாக்டீரியாவைத் தின்ன நூற்புழு வருகிறது. நூற்புழு என்றாலே வாழையையும் தக்காளியையும் கெடுப்பது என்று நினைக்கிறோம். மண்ணில் இருப்பவற்றில் அப்படிப்பட்டவை சில வகைதான். மற்றவை பாக்டீரியாவையும் பூஞ்சையையும் தின்று கழிவில் தழைச்சத்தை விடுகின்றன. பூட்டிக் கிடந்த சத்து அப்படித்தான் திரும்பப் புல்லுக்கு வருகிறது. நூற்புழுவைத் தின்ன சிலந்திப்பேன், அதைத் தின்ன பூரான். இன்னொரு பக்கம் வேரோடு கூட்டு வைத்துக்கொள்ளும் வேர்ப்பூஞ்சை. வேர் நுழைய முடியாத சந்தில் அதன் இழை நுழைந்து மணிச்சத்தை (பாஸ்பரஸை) கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கூலியாகச் சர்க்கரை வாங்கிக்கொள்கிறது. கிழக்குக் குழியில் மண் புட்டு மாவாக உதிர்ந்ததற்கு அந்த இழைகளும் ஒரு காரணம். மண் துகள்களைச் சேர்த்துக் கட்டி உருண்டையாக்க அவை உதவுகின்றன. உருண்டைக்கும் உருண்டைக்கும் நடுவே இருக்கிற இடத்தில்தான் மழைத்தண்ணீர் தங்குகிறது.

மண்ணில் கெடுக்கிற உயிர்களும் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஒரே காட்டில் தொடர்ந்து நிலக்கடலையே போட்டால் என்ன ஆகும் என்று நம் எல்லாருக்கும் தெரியும். வேரழுகலும் வாடலும் வருசத்துக்கு வருசம் ஏறும். புல்லுக்கும் அதே கதைதான். புல்வெளிச் செடிகளை வைத்து அமெரிக்காவில் செய்த சோதனைகளில், கிருமி நீக்கிய மண்ணில் ஒற்றைச் செடி தனியாகவே நன்றாக வளர்ந்தது. உயிருள்ள மண்ணில் வைத்தபோதுதான் நொந்துபோனது. அதற்கென்றே உள்ள நோய்கள் அதன் காலடியில் சேர்ந்துவிடுகின்றன. பல வகை கலந்து நின்றால் நோய்க்கு அடுத்த செடி எளிதில் எட்டாது.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் சீடர் கிரீக் என்ற இடத்தில் புல்வெளிகளை நெடுங்காலமாக ஆராய்கிறார்கள். 1988இல் அங்கே கடுமையான வறட்சி. வகை அதிகம் இருந்த பாத்திகளில் விளைச்சல் ஏறக்குறையப் பாதியானது, வகை குறைந்திருந்த பாத்திகளில் அதைவிட மிக அதிகமாகக் குறைந்தது. வகை குறைந்திருந்ததற்குத் தழைச்சத்து உரம் போட்டதே முக்கியக் காரணம். நான் யூரியா மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனதை நினைத்துக்கொண்டேன்.

கொழிஞ்சியை மாடு சீண்டுவதில்லையே, இடத்தை அடைத்துக்கொள்கிறதே என்று பலர் சொல்வீர்கள். நானும் சொன்னவள்தான். மாடு தின்னாததை மண் தின்கிறது. அதன் இலை மட்கிக் கொடுக்கும் சத்தை அடுத்த மழையில் கொழுக்கட்டைப் புல்லாக மாடு தின்கிறது. என் அப்பாரு கொறங்காட்டில் கைவைக்கும்போது ஒன்றே ஒன்றுதான் பார்ப்பார், விதை உதிர்ந்ததா இல்லையா. கதிர் முற்றி உதிரும்வரை அந்தக் காட்டுக்குப் படல் திறக்கமாட்டார். கிளுவை வேலி போட்டுக் காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்ததே இப்படி மாற்றி மாற்றி மேய்க்கத்தான். வெள்வேல மரத்தை வெட்டாமல் விட்டதும் வெறும் நிழலுக்காக மட்டும் இல்லை. கோடையில் அதன் காய் ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனி. அதன் உதிர்ந்த இலை மண்ணுக்குத் தீனி.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான். உழாத காட்டை உழாதீர்கள். அதிகத் தீவனம் வேண்டும் என்றால், தப்பே இல்லை, கிணற்றுப் பாசனத்தில் ஒரு துண்டு ஒதுக்கிக் கோ ரகப் புல் போட்டுக்கொள்ளுங்கள். அது பயிர், அதற்குத் தண்ணீரும் எருவும் கொடுக்கலாம். கொறங்காட்டை அதன் போக்கில் விடுங்கள். அகன்ற இலைச் செடிகளை மட்டும் கொல்கிற களைக்கொல்லி வந்திருக்கிறது, புல்லுக்கு ஒன்றும் ஆகாது என்கிறார்கள். புல்லுக்கு ஒன்றும் ஆகாதுதான். செப்புநெருஞ்சியும் நரிப்பயறும் போய்விடும். பார்த்தீனியமும் சீமைக்கருவேலமும் இருந்தால் ஆள் விட்டு வேரோடு பிடுங்குவதுதான் சரி, அது செலவு என்றாலும்.

இன்னொன்று, குடற்புழு மருந்து. மாட்டுக்கு ஐவர்மெக்டின் ஊசி போட்டால் மருந்து சாணியில் வெளியேறி, அதில் வளரும் சாணி வண்டுக் குஞ்சுகளைக் கொல்லும். மருந்து போடவேண்டாம் என்று சொல்லவில்லை. போட்ட மாட்டைச் சில வாரம் கட்டுத்தரையிலேயே வைத்துத் தீனி போட்டால் காட்டுக்கு நல்லது.

ஏற்கெனவே உழுதுவிட்டவர்களுக்கு, நான் என்ன செய்துவருகிறேன் என்று சொல்கிறேன். மேற்குக் காட்டை மறுபடி உழவில்லை. இரண்டு வருசமாகப் புரட்டாசிக் கடைசியில், கிழக்கே சேகரித்த விதைகளை மட்கின எருவோடும் மணலோடும் கலந்து வெற்றிடங்களில் தூவி, மேலே வேலமுள்ளை இழுத்துவிடுகிறேன். ஒட்டன்புல், செப்புநெருஞ்சி, நரிப்பயறு, கொழிஞ்சி, அருகங்கொடித் துண்டுகள். கிழக்கே மேய்ந்த செம்மறிகளை இரவில் மேற்கே பட்டி போடுகிறேன். புழுக்கையோடு விதையும் வருகிறது. தூவியதில் பாதி முளைக்கவில்லை. முதல் வருசம் எறும்பு இழுத்துப்போனதே நிறைய. ஆனால் செப்புநெருஞ்சி பிடித்துவிட்டது. போன ஐப்பசியில் வேலி ஓரமாக நரிப்பயறு படர்ந்தது. தூருக்கு நடுவே தெரிந்த செம்மண் கொஞ்சம் மூடியிருக்கிறது. பட்டுப்பூச்சி இன்னும் வரவில்லை. யேனா கணக்கை வைத்துப் பார்த்தால் எனக்கு இன்னும் இரண்டு வருசமாவது இருக்கிறது.

டிராக்டர் சொல்லிவிட்டவர்கள் ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். முதல் மழை பெய்து மூன்றாம் நாள் உங்கள் காட்டில் ஒரு குழி எடுங்கள். நேரமிருந்தால் அன்றைக்கே இங்கே வந்து என் இரண்டு குழிகளையும் பாருங்கள், காலை வெயில் ஏறும் முன் வந்தால் தட்டில் துள்ளுகிற பூச்சிகளையும் காட்டுகிறேன். ஒட்டன்புல் விதையும் நரிப்பயறும் என்னிடம் சாக்கில் இருக்கிறது. ஒட்டன்புல் கதிர் சேலையிலும் வேட்டியிலும் ஒட்டிக்கொண்டு விடாது, அதனால் பழைய துணி உடுத்தி வாருங்கள்.

இப்படிக்கு,
வெள்ளகோவில் பக்கத்துக் கொறங்காட்டுக்காரி